எண்பத்து மூன்று

செகாம்புட்டில் என் பட்டறை
கடல்மட்டத்திலிருந்து நாற்பது மீட்டர்.
அந்த நாற்பதையே உலகம் என்று நினைத்து
எண்களை எழுதிக்கொண்டிருந்தேன்.

நேசமலரின் கஞ்சில்
பார்வைக்குச் சந்தைக்குப் போய்வரும் கார்.
உள்ளே ஜப்பானிலிருந்து மரப்பெட்டியில் வந்த
அறுநூற்று அறுபது சிசி, டர்போ.
ஜனவரியில் நான்தான் டியூன் செய்தேன்:
இன்டேக்கில் நூற்றுத் தொண்ணூறு கிலோபாஸ்கல்.
என்ன ஆனாலும் நூற்றுத் தொண்ணூறு.
ரோலர்மேல் ஏற்றி, எதிரே இரண்டு பெரிய விசிறி வைத்து,
கோடு அசையாமல் நின்றதும்
கையைத் துடைத்துக்கொண்டேன்
நேரத்துக்கு முன்பே பேப்பரைக் கொடுத்துவிட்டு
வெளியேறும் மாணவன் மாதிரி.

ஏழு மாதம் கழித்து வந்தார்.
"மலை ஏற ஏற விசில் சத்தம் மாறுது, குட்டு.
அழுவுற மாதிரி இருக்கு.
மீட்டரும் ஏறுது. ஏறுனா நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."
கெந்திங்கில் ஒரு ஹோட்டலின் பேக்கரியில்
அவருக்கு இரவு வேலை.

அவர் ஓட்டினார். என் மடியில் லேப்டாப்.
கோம்பாக் தாண்டும்போது மணி பத்தேகால்,
வெளிக்காற்று தொண்ணூற்றொன்பது.
வளைவுகள் தொடங்கின.
தொண்ணூற்றாறு.
கோத்தோங் ஜெயாவில் தொண்ணூறு;
கண்ணாடியில் பனி, அவர் வைப்பரைப் போட்டார்.
எண்பத்தேழு.
உச்சிக்குப் பக்கத்தில் எண்பத்து மூன்று.

பூஸ்ட் கோடு மட்டும் இறங்கவே இல்லை.
நூற்றுத் தொண்ணூறு கேட்டிருந்தார்கள்,
கொடுத்துக்கொண்டே இருந்தது.

எதை விற்றுக் கொடுத்தது என்று
பக்கத்து வரிசையில் பார்த்தேன்.
வேஸ்ட்கேட்டை மூடிவைக்கும் சாலினாய்டு
கீழே முப்பத்தெட்டு சதவீதம்,
இங்கே எண்பத்தொன்று.
மிச்சப் புகை வெளியேற வேண்டிய சின்னக் கதவு
ஒட்டிப்போய்க் கிடக்க,
முழுப் புகையும் சக்கரத்தின்மேல் விழுந்தது.
மேரி பிஸ்கட்டைவிடச் சிறிய சக்கரம் அது.
கீழே காற்றை இரண்டு மடங்குகூட அழுத்தியதில்லை,
மேலே இரண்டேகாலைத் தாண்டியிருந்தது.
மெலிந்த காற்று. அள்ளினால் பாதி கையிலேயே இல்லை.
அள்ளுவதை இன்னும் வேகமாக்கியிருந்தது, அவ்வளவுதான்.
இன்டேக் சூடு எழுபத்தொன்று.

அணைத்துவிட்டு விளக்கினேன்.
கார்ப்பார்க் ஐந்தாம் தளம், யாருமில்லை.
"மேலேயும் அதே அளவு வேணும்னு யார் கேட்டா?" என்றார்.

நான் கேட்டேன்.
ஜனவரியில். விசிறிக்கு எதிரே நின்று.

அவர் சிரிக்கவில்லை. பையில் ஏப்ரனைத் தேடிக்கொண்டே,
"நாங்க இங்க ஈஸ்ட்டைக் குறைச்சிருவோம்.
கீழ எழுதுன அளவை அப்படியே போட்டா
மாவு அவசரமா பொங்கி, நடுவுல குழி விழுந்துரும்.
முதல் வாரம் நாற்பது பன்
குப்பைக்குப் போச்சு, என் சம்பளத்துல" என்றார்.
சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு
லிஃப்டுக்குப் போனார்.

காற்றழுத்தத் திருத்தம் என்று ஓர் அட்டவணை உண்டு.
பதினொரு கட்டம்.
பதினொன்றிலும் நான் விட்டுவைத்த பூஜ்யம்.

எண்பத்து மூன்றுக்கு நேரே நூற்று ஐம்பத்தெட்டு.
முப்பத்திரண்டு குறைவு.
அழுத்துமுன் விரல் கொஞ்சம் நின்றது.
எந்த வாட்ஸப் குழுவிலும் போட முடியாத எண்.
பிறகு தொண்ணூறுக்கு. பிறகு தொண்ணூற்றாறுக்கு.

இரவெல்லாம் கோத்தோங் ஜெயாவுக்கும் உச்சிக்கும்
நான்கு தடவை ஏறி இறங்கினேன்.
மூன்றாம் ஏற்றத்தில் ஜன்னலைத் திறந்தேன்.
விசில் இருந்தது,
பால் கொதிக்குமுன் பாத்திரம் எழுப்பும் அளவுக்கு.
காய்கறி லாரி ஒன்று என்னை முந்திப் போனது.
முந்தட்டும் என்று விட்டது
எனக்கே புதிதாக இருந்தது.

ஆறரைக்கு அவர் வந்தார், கையில் சூடான பொட்டலம்.
பிரித்தேன். ஐந்து பன்.
ஒன்றின் நடுவில் லேசான குழி.

"ராத்திரி மழை, ஈரம்," என்றார் கதவைச் சாத்தியபடி.
"அதுக்கு வேற அட்டவணை."