ஆவி எழுத்து

முதல் நாள் பத்து மணிக்கு
பதினொரு பிள்ளைகளும் என்மேல் கோபமாயிருந்தார்கள்.
"ஐ ஆம் அங்ரி, மாதாம்."
"மீ டூ அங்ரி."
சிரித்துக்கொண்டே கோபப்படும் கூட்டத்தை
அன்றுதான் பார்த்தேன்.
அனைஸ் மூட்டுசாமி வயிற்றைத் தட்டிக் காட்டிய பிறகே
விளங்கிற்று எனக்கு.
கோபமில்லை. பசி.

பிரெஞ்சு நாக்கு ஹ-வை எழுதும், சொல்லாது.
பதிவேட்டில் மத்தேயோவின் குடும்பப் பெயர்
எச்சில் தொடங்குகிறது.
கூப்பிடும்போது ஓவாரோ.
வாசலில் செருப்பை விடுவதுபோல்
அந்த எழுத்தை வெளியே விட்டுவிட்டுத்தான்
உள்ளே வருகிறார்கள் அவன் வீட்டார்.

நகர மன்றத்து மிஸ்யே சினிமாலே
சாவிக்கொத்தோடு ஒரே ஒரு விதி தந்திருந்தார்:
"ஜூலை மாதம், லீவு. விளையாட்டாக இருக்கட்டும்.
புத்தகத்தைத் திறந்தீர்களானால்
மறுநாள் நாற்காலிகளுக்குத்தான் பாடம்."

காகிதத் துணுக்கைக் கையில் வைத்து
ஹேட், ஹென், ஹவுஸ் என்று ஊதிப் பார்த்தோம்.
துணுக்கு பறந்தது, ஹ பிறக்கவில்லை.
யாரோ தும்மினார்கள்.
அதுதான் அன்றைக்கு வந்த ஒரே நல்ல ஹ.

எனக்கென்ன தகுதி என்று கேட்காதீர்கள்.
தாராபுரத்தில் எனக்கு ஸ்கூல் வராது.
இஸ்கூல், இஸ்பூன், இஸ்டேஷன்.
முன்னால் ஓர் இகரம் போகாமல்
என் வாயைவிட்டு எந்த ஸ்-ஸும் கிளம்பாது.
ஏழாம் வகுப்பு முழுக்க
என் பட்டப்பெயர் இஸ்டார்.
எனக்கு ஓரெழுத்து கூட,
இவர்களுக்கு ஓரெழுத்து குறைச்சல்.
யாரோ சரியாகத்தான் கூட்டிக் கழித்து
இந்த மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

பால்மிஸ்த் சமவெளியில் ஜூலைக் காலை
மேகம் தரையில் நடக்கும்.
தகரக் கூரை ஈரமாய்ச் சொட்டும்.
நான்காம் நாள் எல்லோரையும்
மரப்பெரணி ஓரமாய் வெளியே நிறுத்தி
"ஹாட்" என்றேன்.
என் வாயிலிருந்து வெள்ளையாய் ஒன்று
புறப்பட்டுப் போனது.
பார்த்தார்கள். அவ்வளவுதான்.
ஹாட்! ஹேண்ட்! ஹிப்போ!
பதினொரு சின்ன ரயில்கள்.
ஹ-வைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு
அதை விட மனம் வரவில்லை.
அனைஸ் ஆப்பிளையும் ஹாப்பிள் ஆக்கினாள்,
நான் திருத்தவில்லை.
பால்காரர் வண்டியை நிறுத்தி
தானும் ஒரு ஹ ஊதிவிட்டுப் போனார்.

மறு திங்கட்கிழமை.
மிளகாய் வடைப் பொட்டலம் பிரித்தேன்,
அவர்கள் மொழியில் போன்போன் பிமான்,
உப்பும் உறைப்பும் மட்டும் நம் ஊர்தான்.
மூலையில் மத்தேயோ:
"ஐ ஆம் ஆங்ரி."
"ஹங்ரி! ஹங்ரி!" என்று
வகுப்பே அவன் முகத்தில் ஊதிற்று.
நானும் ஊதினேன், ஒரு வடையை நீட்டி.
வாங்கவில்லை.
"நோ ஹ, மாதாம்.
ஆங்ரி."

உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை.

ஏன் என்று கேட்டேன்.
அதற்கு அவனிடம் ஆங்கிலம் போதவில்லை.
கிரெயோலில் கொட்டினான், மூச்சு விடாமல்.
எனக்குப் பிடிபட்டது மூன்றே சொல்:
கடல், அண்ணன், கூடாரம்.
எல்லோரும் கீழே சேன்-ழீலில்
மணலில் தூங்குகிறார்கள்.
இவன் மட்டும் இங்கே,
கம்பளிக்குள், என் விளையாட்டுகளுக்குள்.
அதற்கு என்னிடம் விளையாட்டு இல்லை.
பக்கத்தில் உட்கார்ந்து
அவன் பங்கு வடையையும் நானே தின்றேன்.
காரம் தலைக்கேறி
கண்ணில் தண்ணீர் வந்தபோது
கொஞ்சம் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை வருவானோ என்றிருந்தேன்.
வந்திருந்தான், தாமதமாக, தலை துவட்டாமல்.
வந்த மகிழ்ச்சியில்
பதிவேட்டை எடுத்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து
"மத்தேயோ ஹோவாரோ!" என்றேன்.

"ஓவாரோ, மாதாம்" என்றான்.
"அதில் ஊதக் கூடாது."