மூணாம் பொத்தான்

செங்கோட்டை லைனுக்கு மேலே
மின்கம்பி ஏறிய வருஷம்
என் பொம்மை எஞ்சினுக்குக் கீழே
கரண்டை நிறுத்தினேன்.

வயிற்றைத் திறந்து
ஈயக்கட்டியை எடுத்துவிட்டு
லித்தியம் செல் ரெண்டு.
எடை குறைந்து சக்கரம் வழுக்கியது;
தூண்டில் குண்டு நாலு
பசை போட்டு ஒட்டினேன்.

ஒலிச் சில்லோடு வந்த ஊதல்
ஏதோ கோதுமை நாட்டுடையது.
சேரன்மகாதேவி கேட்டில்
போனை நீட்டி
சாயங்கால பாசஞ்சரைப் பிடித்துவந்தேன்.

இப்போது மூணாம் பொத்தானை அமுக்கினால்
ஊதல்,
எட்டுப் பெட்டித் தடதடப்பு,
அதன் வாலில்
கேட்கீப்பர் உலகம்மாள்:
‘ஓய், சாகவா வந்தீரு?
தள்ளி நில்லும்!’

வெட்டியெறிய ஒரு நொடி ஆகாது.

சாப்பாட்டு மேசைக் காலைச் சுற்றி
வளைவில் வருகிறது எஞ்சின்.
தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு
தள்ளி நிற்கிறேன்.