மூன்று முறை

கூட்டப்புளியில் நாலு நாளைக்கொருமுறைதான் தண்ணி.
குடத்தை அலசிக் கொட்டினேன்,
மறுபடி அலசிக் கொட்டினேன்,
மூன்றாவதுக்குக் குனிகையில் பிரகாசியக்கா கத்தினாள்:
"ஏட்டி, ஒங்கப்பன் வெட்டுன கெணத்துலயா வருது?"

கை பழகிவிட்டது அக்கா.
அறுபத்தாறு டிகிரி தெற்கே, விரல் விறைக்கும் தளத்தில்
மூவாயிரம் மீட்டர் கீழிருந்து ஏறிவந்த நீரை
அதே நீரால் மூன்று முறை அலசிய குப்பியில்தான் பிடிக்கணும்.
இல்லையென்றால் முந்தைய ஆழத்தின் ஒரு சொட்டு
பொய் சொல்லிவிடும்.

முதலில் ஆக்சிஜன்:
குழலை அடிவரை விட்டு, ஒரு குமிழ் நுழையாமல், வழியவழிய.
பிறகு நைட்ரேட், சிலிக்கேட்.
உப்பு கடைசியில்.
எங்கள் பந்தியில் அதுதான் இலையில் முதலில் விழும் என்றேன்.
பக்கத்தில் நின்ற நார்வேக்காரன்
பென்சிலைத் தேடினான்.

பதினேழாம் குப்பி மட்டும் சரியாக மூடவில்லை.
அந்த அளவை அழிக்கக் கூடாது;
பக்கத்தில் 'நான்கு' என்று எழுதணும்.
நான்கென்றால், இதை நம்பாதே.
அன்று ராத்திரி நான்கு எழுதியபோது
பனிக்கட்டி கப்பலில் உரசும் சத்தம்
அரிசி களைவதுபோல் இருந்தது.

பின்னால் இருபது குடம்.
குழாய் காற்றைத் துப்பத் தொடங்கியிருந்தது.
மூன்றாவது அலசலைக் கொட்டாமல்
பிரகாசியக்காவின் வாளியில் ஊற்றினேன்.
"சட்டி கழுவ ஆவும்" என்றாள்,
என்னைப் பார்க்காமல்.