முகப்புதாரர்

கடிதத்தில் என் பெயருக்குப் பக்கத்தில்
இதுவரை யாரும் கூப்பிடாத ஓர் உறவுமுறை:
முகப்புதாரர்.
அதாவது, சாலையைப் பார்த்து முகம் காட்டும் நிலம் உடையவர்.
அதாவது, பணம் கட்டுபவர்.

எங்கள் சந்துக்குப் பெயர் உண்டு, விளக்கு உண்டு,
தபால்காரரும் வருவார்.
ஆனால் அது அரசாங்கச் சாலை இல்லை.
போருக்கு முன் ரப்பர் தோட்டத்தைத்
துண்டுபோட்டு விற்ற ஒருவரின் பெயரில்
பத்திரத்தில் இன்னமும் கிடக்கிறது.
அவரைப் பிடாடரியில் புதைத்தார்கள்,
பிறகு அங்கிருந்தும் தோண்டி எடுத்துவிட்டார்கள்.
சாலை மட்டும் அவரை விடவில்லை.

பதினொரு வீடு. எல்லா வீட்டுக்கும் முன்னால்
தார் பெயர்ந்து சரளை பல் காட்டியது.
சாப்பாடு கொண்டுவரும் பையன்கள்
பள்ளத்தைச் சுற்றி ஒடிக்கும் வளைவு
எனக்கு மனப்பாடம்.

மேடம் செங் வீட்டுக் கார் நிற்கும் இடத்தில்
பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம்.
வீட்டுக்கு ஒரு பங்கு என்றேன் நான்.
மீட்டருக்கு இவ்வளவு என்பதுதான் முறை என்றார் ரித்வான்,
ஐந்தரை மீட்டர்க்காரர்.

நான் மூலைவீட்டுக்காரி.
வாங்கும்போது எல்லாரும் சொன்னார்கள்:
மூலைவீடா, கொடுத்து வைத்தவள், மூன்று பக்கமும் காற்று.
காற்றுக்கு அன்றைக்கு யாரும் டேப் பிடிக்கவில்லை.
முன்னால் எட்டு. பக்கவாட்டில் முப்பது.
அந்த முப்பதில் ஒரு கேட் கிடையாது.
வெறும் சுவர், குளியலறை ஜன்னல்,
மேலே எட்டிப் பார்க்கும் கறிவேப்பிலை.
என் முகம் முப்பத்தெட்டு மீட்டர் நீளம் என்று
அறுபத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.

ஒன்பதாம் எண்ணில் யாருமில்லை. பிள்ளைகள் பெர்த்தில்.
அவர்கள் பங்கு வீட்டின்மேலேயே
கடனாக ஏறி உட்காருமாம்,
விற்கிற நாளில்தான் எழுந்திருக்குமாம்.
நான்காம் எண்ணில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு
மூன்று கார், ஒரு காசு செலவில்லை.
கணக்கு சக்கரங்களை எண்ணுவதில்லை.

பணம் அனுப்பும்போது கைப்பேசி கேட்டது: நிச்சயமா?
இல்லை என்று அழுத்தினேன்.
தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்து
ஆமாம் என்று அழுத்தினேன்.

தார் வந்தது ஒரு புதன்கிழமை.
ரோலருக்கு முன்னால் ரேக்கோடு நடந்தவர்
அறந்தாங்கிப் பக்கம், பெயர் சூசைராஜ்.
தண்ணீர் கேட்டார். ஐஸ் போட்டுக் கொடுத்தேன்.
"அக்கா, இந்த ரோடு ஒங்க சொந்தமா?"

இல்லை என்று வாயெடுத்தேன்.
செத்துப்போன ஒருத்தருடையது என்று சொல்லியிருக்கலாம்.
"இந்தச் சுவர் முடியிற வரைக்கும். பாதி அகலம்."
அவர் சிரிக்கவில்லை.
சுவரின் கடைசிவரை ஒருமுறை பார்த்துவிட்டு
அந்தப் பாதியில் இன்னொரு தடவை ரேக்கை இழுத்தார்.
ரசீதில் அதற்கு ஒரு வரி இல்லை.

இரவு வெறுங்காலோடு போய் நின்றேன்.
நடுவே இரண்டு பட்டைகள் ஒட்டிக்கொண்ட கோடு.
அந்தப் பக்கம் பூப்போட்ட பைஜாமாவில் மேடம் செங்,
அவரும் செருப்பில்லாமல்.
"பானாஸ்" என்றார்.
"பானாஸ்" என்றேன்.
கோட்டைத் தாண்டவில்லை இருவரும்.

பத்தொன்பது நாள்.
பிறகு ஒரு வேன், ஆரஞ்சுக் கூம்புகள், கேபிள்காரர்கள்,
பிளாஸ்டிக் உறைக்குள் அனுமதிச் சீட்டு.
வெட்டினார்கள், புதைத்தார்கள்,
வேறொரு கறுப்பில் மூடிவிட்டுப் போனார்கள்.

இந்த முறை டேப்பை எடுத்துக்கொண்டு நானே போனேன்.
இரண்டு மீட்டர் பத்து நீளம், அறுபது சென்டிமீட்டர் அகலம்.
முழுக்க என் முகத்தில்.
குனிந்தபடி முனையை எங்கே அழுத்துவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
ரித்வான் வந்து பிடித்துக்கொண்டார்,
கேட்காமலேயே.