கால் சுற்றுக் குறைவு

நான் மதிப்பெண் போடுகிற ஆள் இல்லை.
மேசையின் கடைசியில்
மறுஓட்டம் காட்டுகிறவன்.
"இன்னொரு தடவை" என்பார்கள், காட்டுவேன்.
"மெதுவாக" என்றால் மெதுவாக.
கேட்காவிட்டால் என் விரல் சும்மா இருக்கும்.
ஞாயிற்றுக்கிழமை அது சும்மா இருந்ததைத்தான்
சொல்ல வந்தேன்.

பன்னேர்கட்டா சாலை மால், நான்காவது மாடி.
பிரியாணிக் கடைக்கும் பொம்மைக் கடைக்கும் நடுவே
பெங்களூருக்கு வாய்த்த மொத்தப் பனியும்.
எட்டுத் தள்ளு தள்ளினால் சுவர்.
அதற்குள்தான் தாவ வேண்டும்,
அதற்குள்தான் மாநிலத் தேர்வு.

செயலாளரின் மச்சினி மகள்
வெளிவிளிம்பில்தான் வந்தாள்.
தாவும் கணத்தில் பிளேடு உள்ளே சாய்ந்தது,
பஸ்ஸில் தூங்குகிறவன் தலை
பக்கத்துத் தோளில் சாய்வதுபோல.
யாரும் இன்னொரு தடவை கேட்கவில்லை.

அடுத்து ரெபேக்கா சகாயம்.
லிங்கராஜபுரத்திலிருந்து
அப்பா ஓட்டும் ஸ்கூல் வேனில்
முதல் நடைக்கு முன்னாலேயே வந்துவிடுகிறவள்.
தாவினாள், இறங்கினாள், சிரித்தாள்.
மூன்று தடவை கேட்டார்கள்.
மூன்றாவது, படம் படமாக.
"கால் சுற்றுக் குறைவு" என்று எழுதினார்கள்.
கால் என்றால் காலில்லை, நாலில் ஒன்று என்று
அவள் அப்பாவுக்கு விளக்கினேன்.
தலையாட்டிவிட்டு,
"கால் நல்லாத்தானே இருக்கு" என்றார்.

சாயங்காலம் சங்கக் கூட்டம்.
ரெசிடென்சி ரோடு கிளப்பில் ஒரு மாடி அறை,
உளுந்து வடை, இரண்டு மின்விசிறி,
அதில் ஒன்று ஓடியது.
ஷெரில் பின்டோ எழுந்தார்:
எந்த எண்ணை யார் போட்டது,
பலகையில் பெயரோடு வரட்டும்.
கேப்டன் சோமையா: பெயர் வந்தால்
பார்க்கிங்கில் பெற்றோர் நிற்பார்கள்.
போன வருடம் என் கார் கண்ணாடி.
அதுவும் பொய்யில்லை,
சில்லுகளைப் பொறுக்கினவன் நான்.
உச்சத்தையும் அடியையும் வெட்டிவிடு என்றார் ஒருவர்.
எல்லாரும் ஒரே எண்ணில் பொய் சொன்னால்
எதை வெட்டுவாய் என்றது கடைசி வரிசை.
இன்னொருவர் உத்திரமேரூர்க் கல்வெட்டை இழுத்தார்:
கணக்குக் காட்டாதவன் பெயர்
குடத்துக்குள்ளேயே போகாது,
அவன் உறவுக்காரன் பெயரும்.
கன்னடத்தில் சொல்லுங்கள் என்றார்கள்.
சொன்னபோது செயலாளர்
சட்னி எங்கே என்று கேட்டார்.

ஒரு காலத்தில், ஷெரில் விடவில்லை,
நடுவர்கள் பனியில் குனிந்து
பிளேடு கிழித்த கோட்டையே பார்ப்பார்களாம்.
கோட்டுக்கு மாமா கிடையாது.

எனக்குத் தொண்டை அடைத்தது.
போட்டி முடிந்ததும் பசவராஜு வந்தான்,
வெந்நீர் வாளியும் ரப்பர் கட்டையுமாக.
இரண்டு பெண்களின் கோடும்
அருகருகே கிடந்தன.
ஒன்று கடைசி முழத்தில் உள்ளே வளைந்திருந்தது.
அதைப் படிக்க நடுவர் படிப்பு வேண்டாம்.
"ஊத்தட்டுமா சார்?"
ஊத்து என்றேன்.

தீர்மானம் நிறைவேறியது:
நடுவர் முறையைச் சீர்திருத்த ஐவர் குழு.
காலையில் மேசையில் இருந்த அதே ஐவர்.
உயர்ந்த கைகளை எண்ணச் சொன்னார்கள்,
என்னுடையதையும் சேர்த்து எண்ணினேன்.

திங்கள், விடியற்காலை ஐந்தரை, மாலின் பின்வாசல்.
ரெபேக்கா பென்டிரைவோடு நிற்கிறாள்.
"என் குறையைப் பார்க்கணும், அங்கிள்."
கோப்பு அவளுக்கு முந்தினவளிடமிருந்து ஓடும்.
தள்ளிவிட ஒரு பொத்தான் உண்டு.
தள்ளவில்லை.

இரண்டையும் பார்த்தாள்.
ஷூக் கயிற்றை இறுக்கிக்கொண்டே,
"என்னுது குறைவுதான்,
காலுக்கு மேலேயே குறையுது" என்றாள்.
முந்தினதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
அதை மட்டும்
இன்னொரு தடவை கேட்டாள்.
மெதுவாக.