ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டில் ஒரு ஞாயிறு

எம்மெந்தாலில் ரயிலை விட்டிறங்கி
நாற்பது நிமிட ஏற்றம்.
படலையடியில் நின்ற பையன் சொன்னான்:
"இதற்கு மேல் ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டு.
கைபேசியை அணைத்துவிடுங்கள்.
பெரியவருக்குப் பதினெட்டு ஃபிராங்க்,
அட்டையிலும் கட்டலாம்."

தொழுவத்தில் எல்ஸ்பெத்.
மரச்செருப்பு, கஞ்சி போட்ட தொப்பி,
மெய்யாகவே வெடித்த கைகள்.
தன் ஆண்டுக்குப் பின் நடந்த எதுவும்
அவளுக்குத் தெரியக்கூடாது.
சம்பளமே அதற்குத்தான்.
அபிரா சோதித்துப் பார்த்தாள்: "விமானம் தெரியுமா?"
"பறக்கிறதா? பிசாசுதான் பறக்கும் பிள்ளை.
வாளியைப் பிடி."

பிறகு என்னைப் பார்த்தாள்.
"எந்த ஊர் மனுஷன் நீ?"
"கொட்டாஞ்சேனை."
நெற்றியைச் சுருக்கினாள்.
"தூனுக்கு அப்பாலா?"
"சற்று அப்பால்."
"நடந்தா வந்தாய்?"
"கொஞ்சம் நடந்து. கொஞ்சம்
மூடிய வண்டியில், வெங்காய மூட்டைகளுக்கு அடியில்."
"அங்கே வெங்காயம் என்ன விலை?"

இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக
ஒருத்தியிடம் வழி முழுவதையும் சொல்கிறேன்.
நானும் நடிக்கிறேன் என்று
நினைத்துக்கொள்கிறாள்.

"பால் கறப்பாயா?"
சுற்றி நின்றவர்கள் வழிவிட்டார்கள்,
இந்த நிறத்துக்கு மாடு தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில்.
நானோ கொட்டாஞ்சேனை மாடிவீட்டில்
மூன்றாம் தட்டில் வளர்ந்தவன்.
எனக்குத் தெரிந்த ஒரே பசு
பால்மா டின்னில் நின்றது.
அதன் மடி
டின்னின் பொருத்துக்குள் மறைந்திருந்தது.

முக்காலியில் குந்தினேன்.
பிடித்தேன், இழுத்தேன், மன்னிப்புக் கேட்டேன்.
ஒரே ஒரு சொட்டு, அதுவும் என் சப்பாத்தில்.
பசு தலையைத் திருப்பி
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
அசைபோடப் போய்விட்டது.
இந்த நாட்டில் இவ்வளவு சீக்கிரம்
என் விசாரணை முடிந்ததில்லை.

"பரவாயில்லை, வைக்கோலுக்கு ஆள் வேண்டும்.
படுக்க இடம், குடிக்கச் சூப்,
வருடத்துக்கு ஒரு சோடி செருப்பு.
ஊர்ப்பத்திரம் இருக்கிறதா?"
"என்ன பத்திரம்?"
"உன் ஊர் தந்த தாள் அப்பா!
இல்லாவிட்டால் காவலன் வந்து
உன்னை எல்லைவரை நடத்திக் கொண்டுபோய் விடுவான்."

நல்ல வசனம்.
ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வாளாயிருக்கும்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.
ஆனால் கை
மேற்சட்டையின் உட்பைக்குப் போய்விட்டது.

என், எஃப், பி, சி.
எனக்கு இங்கே அரிச்சுவடி
அந்த வரிசையில்தான் கற்பிக்கப்பட்டது,
ஓர் எழுத்து விளங்கச் சில வருடங்கள்.
கடைசி எழுத்தை எடுத்து
நீட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்பா," என்றாள் அபிரா,
மற்றவர்களுக்கு விளங்காதிருக்கத் தமிழில்,
"அப்பா, இது விளையாட்டு."

எல்ஸ்பெத் அட்டையை வாங்கவில்லை.
கைகளை ஏப்ரனில் துடைத்தாள்.
உலர்ந்த பிறகும் துடைத்தாள்.
நூற்றி அறுபது வருடம் அவள் முகத்தில்
வந்து வந்து போயிற்று.
பிறகு, தொப்பியைச் சரிசெய்து,
"நல்ல தாள். முத்திரை தெரிகிறது.
போய்ச் சூப்பைக் குடி, ஆறப்போகிறது," என்றாள்.

பார்லிச் சூப்.
உப்பு அந்தக் காலத்தில் விலை அதிகம் போல.

மாலை ரயிலில் எதிர் இருக்கையில் அவள்.
பஞ்சு அடைத்த ஜாக்கெட், ஊதா நிறத் தலைமயிர்.
"நாதீன்," என்று கைகொடுத்தாள்.
அட்டையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
அவளுக்கு இரண்டு இடத்தில் வேலையாம்,
மற்றது பெட்ரோல் நிலையத்தில்.

டிக்கெட் பரிசோதகர் வந்தார்.
என்னுடையது நிலையத்திலிருந்தே கையில்தான் இருந்தது.
அவள் ஒவ்வொரு பையாகத் தட்டிப் பார்த்தாள்,
ஜாக்கெட், கால்சட்டை, முதுகுப்பை,
பின் மறுபடி ஜாக்கெட்.
"ஏப்ரனில் விட்டுவிட்டேன்."
"ஆயிரத்து எண்ணூற்று அறுபத்திரண்டில்,"
என்று விளக்கினாள் அபிரா.

பரிசோதகர் சிரிக்கவில்லை.
கருவியைத் தட்டத் தொடங்கினார்.
பெயர் கேட்டார். பிறந்த தேதி கேட்டார்.
"எந்த ஊர்?"

நாதீன் என்னைப் பார்த்தாள்.
"தூனுக்குச் சற்று அப்பால்."