காற்றைப் புறக்கணிக்க

ஹெய்மே தீவில் ஆகஸ்டு முடிகையில்
பஃபின் குஞ்சுகள் இருட்டில் வளையை விட்டிறங்கும்.
நிலவென்று நம்பி
துறைமுக விளக்குகளுக்குள் வந்து விழும்.

இதை டிமோன் கண்டெடுத்தது
மீன் ஆலையில், ஃபோர்க்லிஃப்டின் அடியில்,
இரவு இரண்டரைக்கு.
வாழைப்பழப் பெட்டியோடு
விடிந்ததும் என் வாசலில் நின்றான்.
"நீங்கதானே ஹேண்ட்பால் ஆடினவங்க?"

ஆடியவள்தான்.
ஏழு மீட்டர்க் கோட்டிலிருந்து நான் விட்ட பந்தைக்
காவலர்கள் வலைக்குள்தான் பார்த்திருக்கிறார்கள்.
இப்போது வலது தோளில் இரண்டு திருகாணி.
பனி வருவது எனக்கு முன்னே அவற்றுக்குத் தெரியும்.

பாறை முனை. கீழே அறுபது மீட்டர்.
"நீயே வீசு" என்றேன்.
தலையாட்டி மறுத்தான்.
நேற்று ஒன்றை அவன் வீசியிருக்கிறான்;
மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

இயற்பியலில் தோற்றவள் நான்.
ஆனாலும் எறிந்து பழகிய கை கணக்குப் போடும்:
கிடையாக விட்டால் கீழே சேர மூன்றரை நொடி.
பழைய தோள் என்றால், நொடிக்குப் பன்னிரண்டு;
நாற்பத்திரண்டு மீட்டர், நல்ல கடல்.
இந்தத் தோளுக்கு எட்டுதான்.
எட்டுக்கு இருபத்தெட்டு.
முப்பது வரை கற்கள்.

கல்லா பந்தா குஞ்சா என்று
அந்தக் கணக்கு கேட்பதில்லை.
அதன் தலைமேல் எப்போதும் ஒரு வரி இருக்கும்:
காற்றைப் புறக்கணிக்க.
எழுதிய மகராசன் ஒருநாள் இங்கே வந்து
ஒரு போர்வையை உலர்த்திப் பார்க்கட்டும்.

உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு
தையல் இயந்திரமாய் ஓடியது.
இரு கைகளாலும், தாழ்விலிருந்து,
வாளித் தண்ணீரை வீசுவதுபோல் வீசினேன்.
தோளுக்குள் ஏதோ கிறீச்சிட்டது.

முதல் நொடி, கல்.
இரண்டாம் நொடியும் அதே கல்,
கரும்பலகையில் பார்த்த அதே வளைவு,
பிசகாமல்.
வாழ்நாளில் முதல்முறை என் விடை சரியாக வருகிறது;
தப்பாகிவிடு, தப்பாகிவிடு என்று
பல்லைக் கடித்து நிற்கிறேன்.

அப்புறம் காற்று வீசிற்று.
இல்லை, முதலிலிருந்தே வீசிக்கொண்டிருந்தது,
அதற்குத்தான் அப்போது தெரிந்தது.
இரண்டு குட்டைச் சிறகுகள்
அவசரமாக, அலங்கோலமாக,
பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவனின் கைகளாய்.
வளைவு ஒடிந்தது.
நுரைக்கு மேல் ஒரு புள்ளி,
அலைக்குப் பின்னால் அதே புள்ளி,
பிறகு வெறும் அட்லாண்டிக்.

டிமோன் மூச்சு விட்டான்.
"எவ்வளவு தூரம் வீசினீங்க?"

"இருபத்தெட்டு" என்றேன்.

பெட்டியில் கொஞ்சம் எச்சம், சாம்பல்நிறத் தூவி ஒன்று.
ஆலையில் சங்கு ஊதிவிட்டது.